மண்ணெண்ணெய் வியாபாரிகள் இருப்பைப் பதுக்கினால் அரசு தலையிட வேண்டுமா?

தலையிடத்தான் வேண்டும், ஆனால் பதுக்கலின் காரணம் அறியாமல் தலையிட்டால் கடையில் இருப்பதும் மறைந்துவிடும். நாளை விலை ஏறும் என்று எதிர்பார்க்கும் வியாபாரி "முடிஞ்சிருச்சு" என்று சொல்லிப் பீப்பாயைப் பின்னறைக்குத் தள்ளிவிடுவார். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பதுக்குவதையும், இருப்பை வைத்துக்கொண்டு விற்க மறுப்பதையும் குற்றமாக்குகிறது. சட்டம் உண்டு, தேயிலைத் தோட்டத்துக் கடைவரை மலையேறிவந்து சோதிப்பவர்கள்தான் அரிது.

எனினும், 2022இல் மூலக் குறை எரிபொருள் இறக்குமதிக்கான டொலர்த் தட்டுப்பாடே. டீசல் 400 ரூபாயைத் தாண்டியிருந்தபோது லீற்றர் 87 ரூபாய்க்கு விற்கப்பட்ட மண்ணெண்ணெய், தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்து (வரிசை வீட்டு) அடுப்புக்கும் குப்பி விளக்கிற்கும் வந்து சேராமல், விலை வித்தியாசத்தில் இலாபம் பார்க்க வேறு வழியில் ஓடியதில் வியப்பில்லை. ஓகஸ்டில் அது 340 ரூபாயாக்கப்பட்டதும் அந்த இலாபம் சுருங்கியது. ஆனால் தோட்டத் தொழிலாளரின் 1000 ரூபாய் நாட்சம்பளத்தில் மூன்றிலொரு பங்கு ஒரு லீற்றருக்கே போனது.

ஆகவே விலையை மட்டும் கட்டிப்போடுவதை நான் ஏற்கவில்லை. மொத்த வியாபாரிகள் கையிருப்பை அறிவிப்பதைக் கட்டாயமாக்கி, மானியத்தைப் போத்தலுக்கன்றிக் குடும்பத்துக்குக் கொடுத்து, பங்கீட்டைக் கூட்டுறவுக் கடைவழியே நடத்தலாம். 2022இல் வந்த, கியூஆர் குறியீட்டைக் காட்டி எரிபொருள் பெறும் பங்கீட்டு முறை வாகனங்களையே மையமாகக் கொண்டிருந்ததால், அடுப்பு மட்டுமே வைத்திருந்தவருக்கு அது பெரிதாக உதவவில்லை.