அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குச் சான்றிதழ் வேண்டுமா?

கேள்வி: பாபநாசம் பக்கத்துக் கிராமத்தில் 76 வயதான என் அம்மா வசிக்கிறார். அப்பா காலமாகி ஒன்பது மாதங்கள் ஆகின்றன. அதே தெருவைச் சேர்ந்த ஓர் அக்கா பகலில் சமைத்துக் கொடுத்து, இரவில் துணைக்குப் படுத்துக்கொள்கிறார். அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, மூன்று மணிக்கே விழித்து உட்கார்ந்துவிடுகிறார், யாருடனும் பேசுவதில்லை. ஓர் ஏஜென்சியினர் அந்த அக்காவுக்கு ஐந்து நாள் முதியோர் மனநலப் பயிற்சியும் சான்றிதழும் தர 18,000 ரூபாய் கேட்கிறார்கள். இல்லாவிட்டால் தங்களிடம் உள்ள பயிற்சி பெற்ற பெண்ணை வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நான் திருப்பூரில் வேலை செய்கிறேன். என்ன செய்யட்டும்?

பதில்: அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டாம், அந்த அக்காவை மாற்றவும் வேண்டாம். உங்கள் தாயார் இப்போது நம்பிப் பக்கத்தில் படுக்கவிடும் ஒரே மனுஷி அவர்தான். புதிதாக ஒருவர் வந்து அந்த நம்பிக்கையைப் பெற எத்தனை மாதங்கள் ஆகும் என்பதை எந்த ஏஜென்சியும் சொல்லாது.

அவருக்குத் தேவைப்படுவது முதியோர் அனைவரையும் பற்றிய பாடம் அன்று, உங்கள் தாயாரைப் பற்றிய பயிற்சி. அது மருத்துவரின் அறையில்தான் தொடங்க வேண்டும். நீங்கள் எழுதியுள்ள அறிகுறிகள் மனச்சோர்வை நினைவூட்டுகின்றன. ஆனால் தைராய்டு குறைபாடு, பி12 குறைபாடு, இரத்தசோகை, தொடக்கநிலை மறதிநோய் ஆகியவையும் இதே முகத்தோடு வரும் என்பதால், நேரில் பார்த்து இரத்தப் பரிசோதனையும் செய்த பிறகே முடிவு சொல்ல முடியும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இரண்டு நாள் விடுப்பு எடுத்து நீங்களே அழைத்துச் செல்லுங்கள். அந்த அக்காவையும் கூட்டிச் சென்று, மருத்துவர் பேசும்போது அவரை வராந்தாவில் நிறுத்தாமல் உள்ளே உட்கார வையுங்கள். நாள் முழுக்க உடனிருப்பவர் வெளியே நிற்க, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும் மகன் உள்ளே இருந்து பதில் சொல்வதை வாரந்தோறும் பார்க்கிறேன்.

அவர் முதலில் கற்க வேண்டியது கவனித்து எழுதுவது. ஒரு பள்ளி நோட்டு போதும்: எத்தனை மணிக்குத் தூங்கினார், எத்தனை இட்லி சாப்பிட்டார், மாத்திரை உள்ளே போனதா, என்ன சொன்னார். அடுத்தது பேச்சு. ‘அழாதீங்க, எல்லாம் சரியாப் போயிடும்’ என்று வாயை அடைப்பதைவிட, ஐயாவைப் பற்றிக் கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மேல். ‘இருந்து என்ன செய்யப் போறேன்’ என்று உங்கள் தாயார் சொன்னால், உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. தோன்றுகிறது என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாமல், அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டுக் கொட்டகையில் இருந்தால் இந்த வாரமே அப்புறப்படுத்துங்கள்.

மூன்றாவதை நல்ல மனம் உள்ளவர்களே தவறவிடுகிறார்கள். அந்த அக்கா பாசத்தால் எல்லா வேலையையும் தாமே செய்துவிடுகிறார் என்று நினைக்கிறேன். அறுபது ஆண்டுகள் நாற்று விடுவதிலிருந்து நெல் அவித்துக் காயவைப்பது வரை கணக்குப் பார்த்த பெண்ணுக்கு, இன்று கீரை ஆய்வதற்குக்கூட இடமில்லை. ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று கேட்கட்டும். பூத் தொடுக்கக் கொடுக்கட்டும். மாலையில் வாய்க்கால் கரை வரை நடத்திக் கூட்டிச் செல்லட்டும். மருந்து எழுதிக்கொடுத்தால், அதன் பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும் என்பதையும், பத்தாம் நாள் தாமாக நிறுத்தக்கூடாது என்பதையும் மருத்துவர் வாயாலேயே அவர் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி ஏஜென்சிகள். டெல்டாவின் எல்லா நகரங்களிலும் இவர்களின் சுவரொட்டிகளைப் பார்க்கிறேன். முன்பணம், பதிவுக் கட்டணம், மாதச் சம்பளத்தில் தரகு என்று மூன்று பக்கமும் வாங்கிக்கொள்பவர்கள், அனுப்பும் பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்திருப்பது இரத்த அழுத்தம் பார்ப்பதும் டயபர் மாற்றுவதும் மட்டுமே. இரண்டு மாதத்தில் அவரை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டு, உங்களிடம் மறுபடியும் பதிவுக் கட்டணம் கேட்பார்கள். ‘நர்ஸ்’ என்று சொன்னால் மாநிலச் செவிலியர் குழுமத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். பேச்சு அங்கேயே மாறும். இதைவிடக் கொடியது தூக்க மாத்திரை. இரவில் தொந்தரவு இருக்கக்கூடாது என்று, மருந்துச் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கிய அல்பிரசோலத்தை மாதக்கணக்கில் கொடுத்த ஒரு வீட்டிலிருந்து, இடுப்பெலும்பு முறிந்த பாட்டியை என்னிடம் கொண்டுவந்தார்கள். வயதானவர்களுக்கு இந்த வகை மாத்திரை தள்ளாட்டத்தையும் குழப்பத்தையும் தரும். மருத்துவர் எழுதாத எதையும் கொடுக்கக்கூடாது என்பதை அந்த அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

பொறுமையாக இருங்கள், நோட்டில் எழுதுங்கள் என்றெல்லாம் சொன்னேன். ஒரே ஒரு நிலைமைக்கு அது பொருந்தாது. அதை விரிவாகவே சொல்கிறேன். மாதக்கணக்கில் மெல்ல வருவது ஒன்று. ஓரிரு நாளில் திடீரென வருவது முற்றிலும் வேறு. நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று பொழுது தெரியாமல் பேசினாலோ, இல்லாத ஆளைக் கூப்பிட்டாலோ, காலையில் சரியாகவும் அந்தி சாய்ந்ததும் வேறு ஆளாகவும் இருந்தாலோ, அது மனநோய் என்று காத்திருக்கக்கூடாது. சிறுநீர்த் தொற்று, நீரிழப்பு, நிமோனியா, இரத்தத்தில் சோடியம் குறைதல், சர்க்கரை இறங்குதல் போன்றவை மூளையைத் தாக்கும் குழப்பம் அது. கத்திக் கலாட்டா செய்தால் எல்லாரும் கவனிப்பார்கள். எழுப்பினாலும் மறுபடி சொருகிப் படுத்துக்கொண்டால், நன்றாகத் தூங்குகிறார் என்று விட்டுவிடுவார்கள். அமைதியான இந்த வகைதான் அதிகம் தவறிப்போகிறது. காய்ச்சல் இல்லையே என்றும் ஏமாற வேண்டாம். முதுமையில் காய்ச்சலே இல்லாமல் தொற்று வரும். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர் உப்பையும் அறவே ஒதுக்கினால் சோடியம் இறங்கக்கூடும். மந்திரித்துக் கயிறு கட்டுவதில் மூன்று நாள் போன பிறகு வந்த ஒருவரைக் காப்பாற்ற நாங்கள் மிகவும் பாடுபட்டோம். குணசீலத்துக்கு வேண்டிக்கொள்வதை நான் தடுக்கவில்லை. முதலில் மருத்துவமனை, பிறகு கோயில். அந்த அக்காவிடம் சொல்லவேண்டிய சொல் ஒன்றுதான்: ‘திடீர்’ என்றால் 108.

அரசு ஏன் இந்தப் பயிற்சியைத் தரவில்லை என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அதே கேள்விதான். மக்களைத் தேடி மருத்துவம் 2021 முதல் வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனால் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் தேடுகிற அளவுக்கு அது மனச்சோர்வைத் தேடுவதில்லை. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே வட்ட மருத்துவமனைக்கு வருகிறார். அந்த நாளில் கூட்டத்தை முடிக்கவே அவருக்கு நேரம் போதாது, பராமரிப்பவருக்கு எங்கே பாடம் எடுப்பார்? டெல்லியில் இருந்து நடத்தப்படும் மூத்தோர் பராமரிப்புப் பயிற்சி பாபநாசத்துப் பெண்ணின் கைக்கு எப்படி எட்டும்? மருத்துவக் கல்லூரி உள்ள ஒவ்வொரு ஊரிலும் மாதம் ஒரு சனிக்கிழமை இதற்கென ஒதுக்கப் பெரிய செலவு ஆகாது.

அதுவரை 14416 என்ற டெலி-மானஸ் அரசு மனநல உதவி எண்ணை அந்த அக்காவின் கைபேசியில் பதிந்து கொடுங்கள். எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. முதியோர் உதவிக்கு 14567 இருக்கிறது. ஏஜென்சிக்கு என்று எடுத்துவைத்த 18,000 ரூபாயை மாதம் 1,500 வீதம் ஓராண்டுக்கு அவருடைய சம்பளத்தில் சேர்த்துக் கொடுங்கள். வாரத்தில் ஓர் இரவு அவர் தம் வீட்டில் நிம்மதியாகத் தூங்க, அந்த இரவுக்கு உறவில் ஒருவரை இப்போதே பேசி வையுங்கள்.