ஸ்ட்ராஸ்பூர் ரயில் 574-இல் போகாது, தம்பி

பாரிஸுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, வேலை விஷயமாக ஸ்ட்ராஸ்பூர் போகவேண்டும், அந்தப் பாதையில் ரயில் மணிக்கு 574 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுமாமே, பயமாக இருக்காதா என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாமல் ஏறுங்கள் தம்பி. நீங்கள் போகும் டேஜேவே (TGV என்ற பிரெஞ்சு அதிவேக ரயிலை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்) 320-க்கு மேல் போகாது.

574.8 என்பது 2007 ஏப்ரல் 3 அன்று, பயணிகளுக்குத் திறக்கும் முன்பு இதே பாதையில் எட்டிய சாதனை வேகம். அதற்கென்றே ஒரு ரயிலைத் தயார் செய்தார்கள். நடுவில் மூன்றே பெட்டி, இரண்டு முனையிலும் எஞ்சின். சக்கரத்தின் விட்டம் 920 மில்லிமீட்டரிலிருந்து 1092 ஆனது. மேலே ஓடும் மின்கம்பியில் 25,000 வோல்ட் போதாமல் 31,000 வரை ஏற்றினார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தக் கம்பிதான். ரயிலின் கூரையில் இருக்கும் கரம் கம்பியை உரசிக்கொண்டு போகும்போது கம்பியில் ஓர் அலை கிளம்பி முன்னால் ஓடும். ரயில் அந்த அலையை எட்டிப் பிடித்தால் போச்சு, கம்பி எகிறும், மின்சாரம் விட்டுவிட்டு வரும். அதனால் கம்பியை வழக்கத்தைவிட விறைப்பாக இழுத்துக் கட்டினார்கள். விறைத்த கம்பியில் அலை வேகமாக ஓடும், ரயிலுக்குச் சிக்காது.

1955-இல் இதே பிரான்சில், லாந்த் பகுதியில் 331 எட்டிய சோதனைகளில் தண்டவாளமே நெளிந்து போனது. இன்று கிட்டத்தட்ட அதே வேகத்தில் தினமும் பயணிகள் தூங்கிக்கொண்டே போகிறார்கள். நடுவில் நடந்த சோதனைகள் இல்லாமல் இது வந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1981-இல் 380, 1990-இல் 515 என்று ஒவ்வொரு முறையும் சக்கரம், பாதை, கம்பி எங்கே தாங்குகிறது, எங்கே திணறுகிறது என்று அளந்து பார்த்தார்கள்.

சரி, பயணத்துக்கு வருவோம். புறப்படுவதற்கு இரண்டு நிமிடம் முன்பே கதவை மூடிவிடுவார்கள், அதனால் முன்னதாகவே போய்விடுங்கள். ஜன்னலோர இடம் கிடைத்தால் விடாதீர்கள். ஷாம்பேன்-ஆர்டென் நிலையம் தாண்டியதும் வெளியே பாருங்கள், அந்தச் சாதனை நடந்தது அதற்கு அப்பால்தான். பாதையோரம் நீலப் பலகையில் மஞ்சள் முக்கோணம் பளிச்சென்று வந்து மறையும். ரயிலுக்கு சிக்னல் காட்டும் விளக்குக் கம்பம் எதுவும் இருக்காது. இந்த வேகத்தில் அதைப் பார்த்துப் படிக்க முடியாது என்பதால் எந்த வேகத்தில் போகலாம் என்பது ஓட்டுநருக்கு எதிரே இருக்கும் திரையிலேயே தெரியும்.

ஸ்ட்ராஸ்பூர் நெருங்கும்போது சவேர்ன் சுரங்கத்தில் காது கொஞ்சம் அடைக்கலாம். எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும்.