பைக்கில் பாட்டுக் கேட்டுக்கொண்டே போகும்போது, வண்டி நிற்கும் இடத்தில் மற்றவர் பேச்சும் கேட்க, ஹெல்மெட்டுக்கு எந்த இயர்போன் நல்லது?

ஹெல்மெட் ஸ்பீக்கரைத்தான் சொல்வேன். அது ஹெல்மெட்டின் உள்ளே, காதுக்கு நேராக உள்ள பள்ளத்தில் ஒட்டிவைக்கும் தட்டையான சிறு ஒலிபெருக்கி. ரப்பர் முனை உள்ள இயர்போன் காதுத் துளையை அடைத்துவிடும். ஸ்பீக்கர் கொஞ்சம் தள்ளி நிற்பதால் வெளிப் பேச்சுக்கும் வழி இருக்கும். மதகுப் பலகையை முழுக்க இறக்கினால் வாய்க்காலில் தண்ணீர் வராது, ஒரு சாண் தூக்கினால் வரும். அப்படித்தான் இதுவும்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றபோது பாட்டை நிறுத்திவிட்டு முகக் கண்ணாடியைத் தூக்கினேன். "தம்பி, வெள்ளரிப்பிஞ்சு வாங்கிக்கலாமா?" என்று பின்னால் இருந்த அம்மா கேட்டது தெளிவாக விழுந்தது. அதனால் வாங்கும்போது, தடவிப் பார்த்தே ஒரே அழுத்தில் பாட்டை நிறுத்தும்படி பொத்தான் பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள். இது ரொம்ப முக்கியம்.

எலும்பு வழியாக ஒலி கடத்தும் வகையும் காதை அடைக்காது, ஆனால் இறுக்கமான ஹெல்மெட்டுக்குள் கன்னத்தில் அழுத்தி வலிக்கலாம்.

அப்புறம், 'இரைச்சல் நீக்கும்' இயர்போன் போட்டால் காற்றுச் சத்தம் மட்டும் போய், பேச்சு அப்படியே கேட்கும் என்று பலர் நம்புகிறார்கள்; காதை அடைக்கும் அந்த வகை, பேச்சையும் பஸ் ஹார்னையும் சேர்த்தே குறைக்கும்.