களைப்பு எங்கிருந்து வருகிறது? – வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: எனக்கு வயது 34. நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்து செய்யும் வேலை. மதியம் இரண்டு மணியானால் கண்கள் செருகிக்கொள்கின்றன. அதைச் சமாளிக்க ஒரு நாளைக்கு நான்கைந்து கோப்பை காபி குடிக்கிறேன்; கடைசிக் கோப்பை மாலை ஆறு மணிக்கு. இரவு பதினொன்றரைக்குப் படுத்துக் காலை ஆறரைக்கு எழுந்தாலும் அசதி தீரவில்லை. உணவில் எதைச் சேர்த்துக்கொண்டால் சுறுசுறுப்பாக இருக்கலாம்?

பதில்: எதையும் சேர்ப்பதற்கு முன், அந்த ஆறு மணிக் காபியை விலக்கிப் பாருங்கள். நாம் விழித்திருக்கும் நேரம் முழுவதும் மூளையில் அடினோசின் என்னும் வேதிப்பொருள் சிறுகச் சிறுகச் சேர்கிறது. அது தனக்குரிய ஏற்பிகளில் சென்று அமரும்போது தூக்கக் கலக்கம் உண்டாகிறது. காபியிலும் தேநீரிலும் உள்ள காஃபீன் அந்த ஏற்பிகளை முந்திக்கொண்டு அடைத்துவிடுவதால் களைப்பு நமக்குத் தெரியாமல் போகிறதே தவிர, களைப்பு தீர்வதில்லை. குடித்த காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே பெரும்பாலானோருக்கு ஐந்து, ஆறு மணி நேரம் ஆகும் என்பதால், நீங்கள் விளக்கை அணைக்கும் வேளையில் மாலைக் கோப்பையின் பாதி இன்னும் உங்கள் ரத்தத்தில்தான் இருக்கிறது.

2013இல் வெளியான ஓர் ஆய்வில், படுக்கைக்கு ஆறு மணி நேரம் முன்பாக 400 மில்லிகிராம் காஃபீன் உட்கொண்டவர்களுக்குத் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைந்தது. அந்த அளவு ஏறக்குறைய நான்கு கோப்பை காபிக்குச் சமம் என்பதால் ஒரே கோப்பையின் பாதிப்பு அத்தனை கடுமையாக இராது என்றாலும், இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று: தூக்கம் குறைந்ததைக் கருவிகள் காட்டினவே ஒழிய, பங்கேற்றவர்கள் தாமாக அதைச் சரிவர உணரவில்லை. ‘காபி குடித்தாலும் எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது’ என்று என்னிடம் சொல்பவர்களை நான் முழுதாக நம்பாததற்கு இதுவே காரணம். நீங்கள் சொல்லும் ஏழு மணி நேரமும் படுக்கையில் கழித்த நேரமா, தூங்கிய நேரமா என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

நல்ல உடல்நலமுள்ள பெரியவர்கள் ஒரு நாளில் 400 மில்லிகிராம் வரையிலும், கருவுற்ற பெண்கள் 200 மில்லிகிராம் வரையிலும் காஃபீன் எடுத்துக்கொள்வதில் கவலைக்கிடமில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் தெரிவித்தது. எனவே காபியை முற்றாகக் கைவிட வேண்டியதில்லை. கடைசிக் கோப்பையை மதிய உணவு நேரத்தோடு முடித்துக்கொண்டு, மொத்த எண்ணிக்கையை ஓரிரு வாரங்களில் படிப்படியாகக் குறையுங்கள். திடீரென்று நிறுத்தினால் தலைவலி வரும்.

மதியத் தூக்கத்துக்குச் சாப்பாட்டை மட்டும் குறை சொல்வதும் நியாயமன்று. உடலின் உள்கடிகாரமே ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் விழிப்பைச் சற்றுத் தளர்த்துகிறது. மதியம் உண்ணாதவர்களிடமும் இது காணப்படுகிறது. முந்தைய இரவுத் தூக்கம் போதாதபோதும், மாவுச்சத்து மிகுந்த பெரிய உணவுக்குப் பின்னும் அந்தத் தளர்ச்சி கூடிவிடும். உணவின் அளவைக் குறைத்துப் புரதமும் காய்களும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். உண்டபின் பத்து நிமிடம் நடங்கள். முடிந்தால் மூன்று மணிக்கு முன்னர் இருபது நிமிடங்களுக்கு மிகாமல் கண்ணயரலாம். அதற்கு மேல் நீண்டால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழ நேர்ந்து, முன்பிருந்ததைவிடக் கூடுதலான மந்தம் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: தேர்வுக்குப் படிக்கும் நாள்களில் எனர்ஜி டிரிங்க் குடிக்கிறேன். அதில் உண்மையிலேயே சக்தி இருக்கிறதா?

பதில்: வழக்கமான 250 மில்லிலிட்டர் டப்பா ஒன்றில் சுமார் 80 மில்லிகிராம் காஃபீனும், சர்க்கரை சேர்த்த வகையானால் ஆறு தேக்கரண்டி அளவுக்குச் சர்க்கரையும் இருக்கும். முதலாவது ஒரு கோப்பை காபியிலும் கிடைக்கும். இரண்டாவது உங்களுக்குத் தேவையே இல்லை. சர்க்கரை உற்சாகம் தருகிறதா என்று பார்த்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான கட்டுரை, உட்கொண்ட ஒரு மணி நேரத்துக்குள் விழிப்பு குறைந்து களைப்பு கூடுவதையே காட்டியது.

கேள்வி: எனக்கு வயது 41. கடந்த எட்டு மாதங்களாக ஓயாத சோர்வு. அதிகாலையில் எழுவது, நடைப்பயிற்சி, நேரத்துக்கு உணவு, தூங்குமுன் கைப்பேசியைத் தவிர்ப்பது என எல்லாவற்றையும் கடைப்பிடித்துவிட்டேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி உதிர்கிறது, மாதவிடாயின்போது உதிரப்போக்கு முன்பைவிட அதிகம். வீட்டில் எல்லோரும் சோம்பல் என்கிறார்கள். இன்னும் எந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டும்?

பதில்: எந்தப் பழக்கத்தையும் மாற்ற வேண்டாம், முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தாங்கள் விவரித்திருப்பதைச் சோம்பல் என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். உதிரப்போக்கு, மூச்சுவாங்கல், முடி உதிர்தல் ஆகிய மூன்றும் சேர்ந்து வரும்போது இரும்புச்சத்துக் குறைபாடுதான் முதலில் நினைவுக்கு வர வேண்டும். சுறுசுறுப்புக்கு வழி சொல்லும் அறிவுரைகளில் பெரும்பாலானவை, கேட்பவர் உடல்நலத்தோடு இருக்கிறார் என்று தாமாகவே எண்ணிக்கொண்டு பேசுகின்றன. அதன் விளைவாக, ரத்தசோகையுள்ள ஒரு பெண் இன்னும் அரைமணி நேரம் முன்னதாக எழுந்து, தன்னை இன்னும் வருத்திக்கொள்கிறார்.

கருவுறாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அதை ரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. ஆண்களுக்கு அந்த எல்லை 13. ஆனால் ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்பதோடு பேச்சை முடித்துவிடக் கூடாது. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் முதலில் குறையும். ஹீமோகுளோபின் பிறகுதான் இறங்கும். ரத்தசோகை இல்லாமல், ஃபெரிட்டின் ஒரு லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்த சோர்வுற்ற பெண்களுக்கு இரும்பு மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012இல் வெளியானது: பன்னிரண்டு வாரங்களில் அவர்களுடைய சோர்வு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, வெற்று மாத்திரை உட்கொண்டவர்களுக்கு 29 விழுக்காடுதான் குறைந்தது. வெற்று மாத்திரையும் இவ்வளவு வேலை செய்திருப்பதைப் பார்க்கும்போது, சந்தையிலுள்ள சத்து மாவுகளுக்கும் மாத்திரைகளுக்கும் கிடைக்கும் பாராட்டில் எவ்வளவு உண்மை என்ற ஐயம் எனக்கு எழுவதுண்டு.

ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் இவற்றோடு தைராய்டு, வைட்டமின் பி12, ரத்தச் சர்க்கரை ஆகியவற்றையும் பார்ப்பது நல்லது. நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்பவர்களுக்கும் இறைச்சி, முட்டை, பால் எதுவும் உண்ணாதவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு அதிகம். சோதனை செய்யாமல் இரும்பு மாத்திரையைத் தாமாகவே தொடங்க வேண்டாம். உடலில் மிகுதியான இரும்பும் தீங்கானது. மருத்துவர் எழுதிக் கொடுத்தால், மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது காபி, தேநீர் அருந்தாதீர்கள், அவை இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். உதிரப்போக்கு ஏன் கூடியது என்பதற்குத் தனியே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்; அது சரியாகாத வரை மாத்திரையால் ஈடுகட்டிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

கேள்வி: வார நாள்களில் ஐந்தரை மணி நேரமே தூங்குகிறேன். விடுமுறை நாள்களில் பதினோரு மணி வரை தூங்கி ஈடுசெய்கிறேன். ஆயினும் வாரத்தின் முதல் நாள் மிகவும் மோசமாகவே கழிகிறது. ஏன்?

பதில்: விடுமுறையில் நான்கு மணி நேரம் தாமதமாக எழுவது, உள்கடிகாரத்தைப் பொறுத்தவரை, நான்கு மணி நேர வித்தியாசமுள்ள வேறொரு நாட்டுக்குப் பறந்துபோய்த் திரும்புவதற்கு நிகரானது. அந்தக் கடிகாரத்தைத் திருத்தும் முதன்மையான சமிக்ஞை காலை வெளிச்சம். நல்ல விளக்குள்ள அறையில் சில நூறு லக்ஸ் ஒளியே இருக்கும். மேகமூட்டமான பகலில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். ஆகவே விடுமுறையிலும் வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதிக்காமல் எழுந்து, முதல் அரைமணி நேரத்தை வெளியில் கழியுங்கள். கடனாக நிற்கும் தூக்கத்தை இரவில் முன்னதாகப் படுத்துத் தீர்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் தேவை என்பதால், ஐந்தரை மணி நேரத்தை வைத்துக்கொண்டு வேறு எந்த உபாயமும் பலிக்காது.

கேள்வி: எனக்கு வயது 58. பரிசோதனைகள் அனைத்தும் இயல்பாக உள்ளன. உடற்பயிற்சி செய்தால் ஆற்றல் கூடும் என்கிறார்கள். ஆற்றலே இல்லாதவன் எங்ஙனம் பயிற்சி செய்வது?

பதில்: தங்கள் கேள்வி நியாயமானது. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், உடலுழைப்பில்லாத, தொடர்ந்து களைப்பை உணர்ந்த இளைஞர்களைக் கொண்டு வாரம் மூன்று முறை, இருபது நிமிடம், ஆறு வாரங்களுக்கு மிதிவண்டிப் பயிற்சி செய்யச் சொன்னார்கள். மிதமான வேகத்தில் மிதித்தவர்களைவிட மிக மெதுவாக மிதித்தவர்களுக்கே களைப்பு அதிகம் குறைந்தது. சிறிய ஆய்வுதான், தங்களைவிட இளையவர்களைக் கொண்டு செய்ததும்கூட. எனினும், மூச்சிரைக்க ஓட வேண்டும் என்ற எண்ணமே பலரைத் தொடங்கவிடாமல் தடுப்பதால் அதை இங்கே சொல்கிறேன்.

வாரத்துக்கு 150 நிமிடங்களாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அதைத் தாங்கள் சில மாதங்களில் எட்டினால் போதும். இப்போதைக்கு, பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் பத்து நிமிடங்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் நடங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டுங்கள். நெஞ்சுவலியோ தலைசுற்றலோ வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிலருக்குச் சிறிய உழைப்புக்குப் பின்னும், மறுநாளோ அதற்கடுத்த நாளோ படுக்கையைவிட்டு எழ முடியாதபடி சோர்வு மோசமாகும். நாட்பட்ட களைப்பு நோயின் அடையாளம் அது. அப்படி நேர்ந்தால் பயிற்சியை மேலும் கூட்டாமல், நடந்ததை நாள்வாரியாகக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.