மாறாததும் மாறிப்போகாததும்

அன்புள்ள ஐயா,

பைபிளில் எபிரெயர் 7:24-இல் 'மாறிப்போகாத ஆசாரியத்துவம்' (குருத்துவப் பதவி) என்று இருக்கிறது. கிரேக்க மூலத்தில் அதற்கு 'அடுத்தவருக்குக் கைமாறாத' என்றுதான் பொருள், நம் மொழிபெயர்ப்பு தப்பு என்று எங்கள் போதகர் பிரசங்கித்தார். அப்படியா?

ஜே.

அன்புள்ள ஜே.,

போதகர் தாமாகக் கட்டிவிட்டதல்ல. 1611-இல் வந்த ஆங்கில பைபிளிலேயே ஓரக்குறிப்பாக அந்தப் பொருள் உண்டு. ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை.

'மாறிப்போகாத' என்பதற்குக் கிரேக்கச் சொல், அபராபடோஸ். புதிய ஏற்பாட்டில் இந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. ஒப்பிட வேறு வசனம் இல்லாததால் வேரைத் தோண்டுகிறார்கள். பராபைனோ என்றால் தாண்டிப் போவது. முன்னால் 'அ' சேர்ந்தால் எதிர்மறை, நம் 'அநீதி' போல. ஆகவே 'இன்னொருவரிடம் தாண்டிப் போகாதது'. கணக்கு சரிதான். ஆனால் கிரேக்கம் பேசியவர்கள் அந்தப் பொருளில் இதை எழுதியதாக வேறெங்கும் அகப்படவில்லை. எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) ஆவணங்களில் இது பத்திர எழுத்தர் பாஷை: ஒப்பந்தம் செல்லும், மீறக்கூடாது. பைபிளிலும் அந்த வினைச்சொல் பெரும்பாலும் மீறுதல்தான். 'முன்னோர்களின் பாரம்பரியத்தை ஏன் மீறி நடக்கிறார்கள்?' என்று மத்தேயு 15:2-இல் பரிசேயர் கேட்கிறார்களே, அந்த 'மீறி'.

இன்னொன்று. எபிரெயர் 6:18-இல் 'இரண்டு மாறாத விசேஷங்கள்' என்று வாசிக்கிறோம். அங்கே இருப்பது வேறு சொல், அமெடாதெடோஸ். இடம் பெயர்த்து வைக்க முடியாதது. 7:12-இல் ஆசாரியத்துவம் 'மாற்றப்பட்டிருக்குமேயானால்' என்பதும் அதே வேர்தான். ஆக, எழுதியவர் கையில் அந்தச் சொல் தயாராக இருந்தது. 7:24-க்கு வந்தபோது அதை விட்டுவிட்டு அபராபடோஸை எடுத்தார். யாரும் கைவைக்க முடியாதது என்ற அழுத்தம் வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். தமிழில் மூன்று இடத்திலும் 'மாறு' வந்து உட்கார்ந்துவிட்டதால் இது நம் கண்ணில் படுவதில்லை.

சரி, கைமாறுகிற விஷயம் எங்கே இருந்து வந்தது? முந்தின வசனத்திலிருந்து. பழைய ஆசாரியர்கள் செத்துப்போனார்கள், அதனால் 'அநேகராயிருக்கிறார்கள்'. இவரோ, அதாவது இயேசு, என்றென்றைக்கும் நிலைத்திருக்கிறார். வாதம் அங்கேயே முடிந்துவிட்டது. அதைத் தூக்கி ஒரு சொல்லின் தலையில் வைக்க வேண்டியதில்லை.

நம் 'மாறிப்போகாத' மேல் எனக்கு ஒரு குறை உண்டு: 'மீற முடியாத' என்ற கண்டிப்பு அதில் இல்லை. ஆனால் 'ஆபீஸில் ஆள் மாறிப்போச்சு' என்றும் நாம் சொல்வோமே. போதகர் தேடிய பொருளும் அந்தத் தமிழ்ச் சொல்லிலேயே இருக்கிறது.