மீடியம் ஃபார்மட் டிஜிட்டல்: கேட்டவர்களுக்குப் பதில்

2019-ல் ஃபுஜிஃபில்ம் ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வழக்கமான கேமராக்களைவிடப் பெரிய சென்சார் உள்ள மீடியம் ஃபார்மட் கேமரா அது, 50 மெகாபிக்சல். சில வருடம் கழித்து அதே வரிசையில் 100 மெகாபிக்சல் 100எஸ் வந்து சேர்ந்தது. பழையதை விற்க மனசு வரவில்லை, இரண்டும் வீட்டில் இருக்கின்றன. ஜவுளி கேட்டலாக், கோயில் கட்டடங்கள், கொஞ்சம் ஆள் படம், இதுதான் என் பிழைப்பு. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

அண்ணா, 44க்கு 33 மி.மீ. சென்சாரை மீடியம் ஃபார்மட்னு சொல்றதே ஏமாத்து வேலைங்கறாங்க. நிஜமா?

பாதி நிஜம். ஃபிலிம் கால மீடியம் ஃபார்மட்டான 120 ஃபிலிமில், 645 என்ற வகைக் கேமரா எடுக்கும் சின்னப் படமே ஏறக்குறைய 56×42 மி.மீ. இருக்கும். ஃபுஜியிலும் ஹாசல்பிளாட் எக்ஸ் வரிசையிலும் இருப்பது 43.8×32.9. ஃபேஸ் ஒன் கம்பெனியின் ஐக்யூ4 150 மாதிரி சிலதுதான் 53.4×40 என்று ஃபிலிமுக்குப் பக்கத்தில் வருகிறது. அந்தக் காசுக்கு நல்ல கார் வாங்கலாம். ஆனால் ஃபுல் ஃப்ரேமோடு (36×24 மி.மீ. சென்சார்) வைத்துப் பார்த்தால் ஜிஎஃப்எக்ஸ் சென்சாரின் பரப்பு 1.7 மடங்கு. பெயர்ச் சண்டையை விட்டுவிடுங்கள்.

சார், என்கிட்ட 61 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் இருக்கு. 100க்கு மாறினா பளிச்னு தெரியுமா?

தெரியாது. ஃபோன் திரையில் சத்தியமாகத் தெரியாது. உங்களுடைய 61 மெகாபிக்சல் சென்சாரிலும் 100எஸ் சென்சாரிலும் ஒரு பிக்சலின் அளவு ஒன்றுதான், 3.76 மைக்ரான். ஒரே தறியில் நெய்த துணி. ஒன்று ஆறு முழம், இன்னொன்று பத்து முழம், அவ்வளவுதான். படத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும் இரைச்சலில் முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) லாபம் கிடைக்கும்.

பின்னணி மங்கலுக்காக மாற நினைத்தால் வேண்டாம். 110 மி.மீ. எஃப் 2 லென்ஸை எல்லோரும் கொண்டாடுகிறார்கள், நானும்தான். அது ஃபுல் ஃப்ரேமில் 87 மி.மீ. எஃப் 1.6 போட்ட மாதிரி (எஃப் எண் குறைந்தால் லென்ஸ் துளை பெரிது, மங்கலும் அதிகம்). அங்கே 85 எஃப் 1.2 லென்ஸே கிடைக்கிறதே, அது இதைவிட அதிகமாக மங்கடிக்கும்.

வித்தியாசம் தெரிவது அச்சில். 11,648×8,736 பிக்சலை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அடித்தால் 38 அங்குலத்துக்கு மேல் அகலம் வரும். கிட்டே போய் மூக்கை வைத்துப் பார்த்தாலும் தாங்கும்.

நிழலை எவ்வளவு தூக்கினாலும் படம் உடையாதுன்னு சொல்றாங்களே?

ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன். தாராசுரம், காலை பத்து மணி. மண்டபத்துக்குள் நின்று வெளியே பார்த்து எடுக்கிறேன். வெளியே வெயில் கண்ணைக் குத்துகிறது, உள்ளே தூண்கள் கருப்பு. தொல்லியல் துறை இடங்களில் டிரைபாட் வைக்கத் தனி அனுமதி வேண்டும், அன்று என்னிடம் இல்லை. தூணில் முதுகைச் சாய்த்து, மூச்சை அடக்கி, வானம் வெளுக்காத அளவுக்கு எக்ஸ்போஷர் வைத்து, ஐஎஸ்ஓ 100-ல் எடுத்தேன். கேமரா திரையில் பார்த்தால் மண்டபம் இருந்த இடத்தில் கரிப்பாத்திரம்.

வீட்டுக்கு வந்து ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) நாலு ஸ்டாப் தூக்கினேன். தூணில் செதுக்கியிருந்த சின்னஞ்சிறு நடன உருவங்கள் வரிசையாக வெளியே வந்தன. கல்லின் நிறம்கூட ஊதாப் பக்கம் சாயவில்லை. நான் இந்தக் கேமராவுக்குக் கொடுத்த காசு அன்றைக்குத்தான் எனக்குச் செரித்தது.

ஒன்றை மறக்காதீர்கள்: நிழல் வரும், வெளுத்துப்போன ஹைலைட் எந்த சென்சாரிலும் திரும்பி வராது.

கல்யாணத்துக்கு எடுத்துட்டுப் போகலாமா?

50எஸ்ஸை முகூர்த்தத்துக்கு நம்பாதீர்கள். கான்ட்ராஸ்ட் ஃபோகஸ் மட்டும்தான். விநாடிக்கு 3 படம். அது முன்னும் பின்னும் தேடி ஃபோகஸ் பிடிப்பதற்குள் மூன்றாவது முடிச்சு விழுந்துவிடும். 100எஸ்ஸில் ஃபேஸ் டிடெக்ட் (phase; முகம் கண்டுபிடிப்பது அல்ல, தேடாமல் ஃபோகஸ் பிடிக்கும் முறை) இருப்பதால் சமாளிக்கலாம், ஆனால் அதை வைத்து ஓட முடியாது.

இன்னொரு வம்பு எலக்ட்ரானிக் ஷட்டர். சத்தம் வராதே என்று ஒரு மண்டபத்தில் அதைப் போட்டுவிட்டேன். இந்த சென்சாரை மேலிருந்து கீழே படித்து முடிக்கக் கால் விநாடி அளவு ஆகிறது. தவில்காரர் கையில் இருந்த குச்சி வில் மாதிரி வளைந்து நிற்கிறது, மேடை எல்இடி வெளிச்சம் மணமகள் முகத்தில் பட்டை பட்டையாக விழுந்திருக்கிறது. நாற்பது படம் குப்பைக்குப் போனது. மண்டபத்தில் மெக்கானிக்கல் ஷட்டர்தான்.

வெயிலில் ஃபிளாஷ் போட்டு ஜோடிப் படம் எடுப்பவர்கள் ஹாசல்பிளாட் எக்ஸ் பக்கம் பாருங்கள். ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் 1/2000-லும் ஃபிளாஷ் ஒத்துப்போகும். ஜிஎஃப்எக்ஸில் 1/125 தான்.

காஞ்சிபுரத்துல பட்டுப்புடவை கேட்டலாக் எடுக்கறேங்க. வாடகைக்கு 50எஸ் எடுத்துப் பார்த்தேன், புடவையோட உடம்புப் பகுதியில வானவில் மாதிரி கோடு வருது. கேமரா ரிப்பேரா?

ரிப்பேர் இல்லைங்க, அதுதான் மோரே. எனக்கு மிகவும் பழக்கமான தலைவலி. நூல் ஒரு சீரான வரிசை, பிக்சல் இன்னொரு சீரான வரிசை. இரண்டின் இடைவெளியும் கிட்டத்தட்ட ஒன்றாகும்போது இல்லாத கோடு பிறக்கிறது. இரண்டு கொசுவலையை ஒன்றன்மேல் ஒன்று போட்டால் அலை அலையாகத் தெரியுமே, அதேதான். இந்தக் கேமராக்களில் அதைத் தடுக்கும் வடிகட்டி கிடையாது. அதிலும் 50 மெகாபிக்சல் சென்சாரில் 100-ஐவிட அதிகம் வரும்.

நான் செய்வது: முதலில் டிரைபாடை அரை அடி முன்னே அல்லது பின்னே நகர்த்துவேன், பெரும்பாலும் அதிலேயே போய்விடும். போகாவிட்டால் புடவையைக் கொஞ்சம் திருப்புவேன். அப்படியும் நின்றால் எஃப் 16. அந்தத் துளையில் படம் லேசாக மென்மையாகும், மோரே கரையும், ஜரிகை மினுக்கும் மிச்சம் இருக்கும். எடுத்த உடனே கேமராவிலேயே நூறு சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். சின்னத் திரையில் முழுப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். திரையே சில சமயம் பொய்யாக மோரே காட்டும். மென்பொருள் பிரஷ்ஷில் நிறத்தை எடுக்கலாம்தான், ஆனால் அரக்கில் பச்சை ஜரிகைக்கரை இருந்தால் கரையின் நிறமும் சேர்ந்து போகும். அப்புறம் கடைக்காரர் உங்களைத்தான் கேட்பார்.

அப்பாவோட பழைய மமியா 645 லென்ஸ் இருக்கு. போடலாமா?

தாராளமாக. ஜிஎஃப்எக்ஸ் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) பாடியில் மவுண்டிலிருந்து சென்சாருக்கு 26.7 மி.மீ. தூரம்தான், அதனால் அடாப்டருக்கு நிறைய இடம் இருக்கிறது. ஃபோகஸ், அபெர்ச்சர் எல்லாம் கையால்தான். 50 மெகாபிக்சலில் நன்றாகவே இருக்கும். 100-ல் முழுத் துளையில் கொஞ்சம் சோர்ந்து தெரியும், எஃப் 8-க்கு வந்தால் முழித்துக்கொள்ளும். முதலில் லென்ஸ் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். நான் ஒருமுறை பார்க்காமல் பழைய லென்ஸ் வாங்கி, உள்ளே சிலந்திவலை மாதிரி பூஞ்சை படர்ந்திருந்ததை வீட்டில் வந்துதான் கண்டேன். விற்றவர் அதன் பிறகு ஃபோன் எடுக்கவில்லை.

செகண்ட் ஹேண்ட் 50எஸ் வாங்கும்போது என்ன பார்க்கணும்?

வியூஃபைண்டரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்; அந்தக் கேமராவில் அது தனியாக வரும், தொடர்பு சரியில்லாவிட்டால் திரை மினுங்கும். எஃப் 16-ல் வெள்ளைச் சுவரை எடுத்து சென்சார் தூசி பாருங்கள். இரண்டாவது பேட்டரி ஒன்றும் சேர்த்துக் கேளுங்கள். பாடிக்குள் கை நடுக்கத்தை அடக்கும் வசதி கிடையாது, அது 50எஸ் 2-ல்தான் வந்தது.

கம்ப்யூட்டரும் மாத்தணுமா தம்பி?

100 வாங்கினால் ஆமாம் அய்யா. 16 பிட், கம்ப்ரெஸ் இல்லாமல் வைத்தால் ஒரு ரா ஃபைல் 200 எம்பியைத் தாண்டும். ஐந்நூறு படம் எடுத்தால் 100 ஜிபி. நான் 14 பிட், இழப்பில்லாத கம்ப்ரெஸ் வைத்திருக்கிறேன். என் கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. பேக்கப்புக்கு இன்னொரு ஹார்ட் டிஸ்க் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 50 என்றால் இருக்கிற கம்ப்யூட்டரே முனகிக்கொண்டு ஓடும்.

ஒரே ஒரு லென்ஸ் வாங்கறதா இருந்தா?

ஆள் படம் என்றால் 110. பலதும் எடுப்பவர் என்றால் 63 எஃப் 2.8, ஃபுல் ஃப்ரேம் 50 மாதிரிப் பார்வை, எடை குறைவு. வாங்கும் முன் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து, உங்கள் வழக்கமான வேலை ஒன்றையே அதில் செய்யுங்கள். அந்தப் படத்தையும், இப்போதைய கேமராவில் அதே இடத்தில் எடுத்ததையும் 24×36 அங்குலத்துக்கு அச்சடித்து, எது எது என்று பின்னால் எழுதி, வீட்டில் இருப்பவர்களிடம் காட்டிக் கேளுங்கள்.