பழைய டவுன்ஹில் சைக்கிளை எப்படி எடைபோடுவது?

கேள்வி: மூன்று ஆண்டுகளாகச் சாதாரண மலைச் சைக்கிளில் காட்டுப் பாதைகளில் ஓட்டி வருகிறேன். இப்போது இறக்கத்துக்கென்றே செய்யப்பட்ட டவுன்ஹில் சைக்கிள் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அலுமினிய பிரேம், இரட்டைக் கிரவுன் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை, தலைக்குழாயின் மேலும் கீழுமாக இரண்டு பிடிகளில் இறுக்கப்பட்டது), 27.5 அங்குலச் சக்கரம், எட்டு வயது. புதியதன் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கேட்கிறார்கள். அதிகம் ஓட்டவில்லை என்கிறார் விற்பவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் சஸ்பென்ஷனைச் சர்வீஸ் செய்ததாகவும் சொல்கிறார். பெயின்ட் பளபளப்பாகத்தான் இருக்கிறது. இது வாங்கத் தகுந்ததா என்று எப்படித் தீர்மானிப்பது?

பதில்: பெயின்ட்டின் பளபளப்பை முதலில் ஒதுக்கி வையுங்கள். இந்த வகைச் சைக்கிள் எத்தனை முறை மலையிலிருந்து இறங்கியது என்பதுதான் அதன் உண்மையான வயது. லிஃப்டிலோ வண்டியிலோ சைக்கிளை ஏற்றிக்கொண்டு மேலே போகிறவர் ஒரே நாளில் பத்து முறைக்கு மேல்கூட இறங்கிவிடுவார். அப்படி இரண்டு பருவம் உழைத்த சைக்கிள், ஆறேழு ஆண்டுகளாக எப்போதாவது வெளியே வந்த சைக்கிளைவிட அதிகமாகத் தேய்ந்திருக்கும். ஆகவே எங்கே ஓட்டினார், மேலே எப்படிப் போனார், போட்டியில் இறங்கியதுண்டா, பெரிய விழுகை ஏதேனும் நேர்ந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். தயங்காமல் நாள்கணக்கு சொல்கிறவரும், சர்வீஸ் ரசீதை எடுத்துக் காட்டுகிறவரும் பெரும்பாலும் சைக்கிளையும் அதே அக்கறையோடு வைத்திருப்பார்கள் என்பது என் அனுபவம்.

நேரில் பார்க்கப் போகும்போது சைக்கிளைக் கழுவி வைக்கச் சொல்லுங்கள். சேறு படிந்த பிரேமில் விரிசல் தெரியாது. பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டார்ச், ஆலன் கீ, ஒரு துண்டுத் துணி ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் பிரேம்தான், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம். பிரேம் போனால் சைக்கிளே போயிற்று. எஃகுக்கு, ஓர் அளவுக்குக் கீழான சுமையை எத்தனை முறை கொடுத்தாலும் சோர்ந்து விரிசல் விடாத எல்லை ஒன்று உண்டு. அலுமினியத்துக்கு அத்தகைய எல்லை கிடையாது. சிறு அதிர்ச்சிகளும் உள்ளே சேர்ந்துகொண்டே போய், ஒரு நாள் வெல்டிங் ஓரத்தில் மயிரிழைக் கோடாக வெளிப்படும். தலைக்குழாயும் (ஃபோர்க் நுழையும் முன்குழாய்) கீழ்க்குழாயும் (அங்கிருந்து பெடல் வரை இறங்குவது) சேரும் இடம், பெடல் அச்சு உட்காரும் கூட்டைச் சுற்றிய பகுதி, ஷாக் அப்சார்பரின் இரு முனைகளும் பொருந்தும் இடங்கள், பின்கையின் (பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் பகுதி) வளைவுகள், இணைப்புத் துண்டுகள் ஆகியவற்றைத் துணியால் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். கோடு ஒன்று தெரிந்தால் நகத்தால் வருடுங்கள்; துடைத்த பிறகும் அந்த இடத்தில் மட்டும் கறுப்பாக அழுக்குக் கசிந்து நின்றால் அது பெயின்ட் கீறல் அன்று என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் வாங்காதீர்கள். இதில் நான் சமரசம் சொல்ல மாட்டேன்.

தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னால், கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில் பெயின்ட் அலையலையாகச் சுருங்கியிருந்தால், சைக்கிள் எதன்மீதோ நேராக மோதியிருக்கிறது என்று பொருள். இரட்டைக் கிரவுன் ஃபோர்க் உள்ள சைக்கிளுக்கே உரிய இன்னொரு அடையாளமும் உண்டு. ஹேண்டில்பார் சட்டென்று முழுக்கத் திரும்பும்போது ஃபோர்க்கின் குழாய்கள் பிரேமில் போய் இடிக்காமலிருக்க ரப்பர்க் கட்டைகள் பொருத்தப்பட்டிருக்கும். அவை கழன்றுபோன நிலையில் ஓட்டியிருந்தால் கீழ்க்குழாயின் இரு பக்கமும் குழிவு விழுந்திருக்கும். உடைந்த இடத்தை மீண்டும் வெல்டு செய்த பிரேமை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். பிரேம்களில் பயன்படும் 6061 போன்ற அலுமினியக் கலவைகள் வெல்டு வெப்பத்தில் வலிமையை இழந்துவிடும். முறையான வெப்பப் பதப்படுத்தலைத் திரும்பச் செய்தாலன்றி அது மீளாது, அதை யாரும் செய்திருக்க வாய்ப்பும் குறைவு.

அடுத்து மூட்டுகள். சீட்டைப் பிடித்துச் சற்றே தூக்கி விடும்போது டக்கென்று ஒரு தட்டல் கேட்டால் எங்கோ ஆட்டம் இருக்கிறது. பின்சக்கரத்தை ஒரு கையாலும் பிரேமை மறு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தால் அது ஹப்பிலா, பின்கையின் மூட்டிலா என்று பிடிபடும். விற்பவர் இசைந்தால் ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்கையை மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். மணல் உரசுவதுபோலக் கரகரத்தால் பேரிங்குகள் முடிந்துவிட்டன. இது பயப்படத் தக்க குறை அன்று. பெரும்பாலான பிரேம்களில் இருப்பவை பொது அளவு பேரிங்குகள், எளிதில் கிடைப்பவை. ஆனால் தேய்ந்த பேரிங்கோடு நெடுநாள் ஓட்டி, பேரிங் உட்காரும் குழியே அகன்று போயிருந்தால், புதிய பேரிங் போட்டாலும் அந்த ஆட்டம் நிற்காது. அப்போது திரும்பி வந்துவிடுவதே நல்லது.

சஸ்பென்ஷனுக்கு வருகிறேன், சைக்கிளின் மதிப்பில் பெரும்பகுதி இங்கேதான் அடங்கியிருக்கிறது. டவுன்ஹில் சைக்கிளின் ஃபோர்க் ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் அமுங்கும். அவ்வளவு தூரம் ஓடும் குழாய்களுக்குள் எண்ணெய் சுத்தமாக இல்லையென்றால் தேய்மானம் வேகமாக நடக்கும். ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்குகளின் கீழ்க் கால்களை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை கழற்றி எண்ணெய் மாற்றச் சொல்கிறது அந்நிறுவனம். ஃபாக்ஸ் நிறுவனம் 125 மணி நேரம் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது முழுச் சர்வீஸ் கேட்கிறது. எனவே இரண்டு ஆண்டுகளுக்கு முன் செய்த சர்வீஸை, செய்யாததாகவே கணக்கில் வையுங்கள். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்தபடி, ஃபோர்க்கின் சீலும் (எண்ணெயைக் காக்கும் ரப்பர் வளையம்) உள்குழாயும் சந்திக்கும் இடத்தில் விரலை வையுங்கள். அங்கே ஆட்டம் தெரிந்தால் புஷ் (உள்குழாய் வழுக்கி ஓடும் உள்வளையம்) தேய்ந்திருக்கிறது. மேலே தலைக்குழாயில் தெரிந்தால் அது ஹெட்செட் (ஃபோர்க் திரும்ப உதவும் பேரிங்) மட்டுமே. பிறகு ரீபவுண்ட் திருகை (அமுங்கிய ஃபோர்க் மேலெழும் வேகத்தை மாற்றுவது) முழுக்க ஒரு பக்கமும், பின் மறு பக்கமும் திருப்பி அமுக்கி விட்டுப் பாருங்கள். மேலெழும் வேகத்தில் தெளிவான வேறுபாடு தெரிய வேண்டும். வேறுபாடே இல்லை, அல்லது உள்ளிருந்து சளசளவென்று சத்தம் வருகிறது என்றால், தணிப்பு எண்ணெய் குறைந்தோ காற்றுக் கலந்தோ இருக்கிறது.

பின்பக்க ஷாக்கில் சுருள் ஸ்பிரிங் இருந்தால் அதன்மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். 450 x 3.0 என்றிருந்தால், ஓர் அங்குலம் அமுக்க 450 பவுண்டு விசை வேண்டும், அந்த ஸ்பிரிங் 3 அங்குல ஓட்டத்துக்கு, அதாவது அவ்வளவு தூரம் அமுங்குவதற்கு, உரியது என்று பொருள். அது விற்பவரின் உடல் எடைக்காகத் தேர்ந்தது. நீங்கள் முழுக் கவச உடையோடு ஏறி நின்றால் பின்பக்கம் மொத்த ஓட்டத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் அமுங்க வேண்டும். அதற்கு ஸ்பிரிங்கை அழுத்தும் வளையத்தை இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் இறுக்க வேண்டியிருந்தால் ஸ்பிரிங் உங்களுக்கு மென்மையானது. மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

பிரேக், சக்கரம், செயின் ஆகியவற்றைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இவை தேய்வதற்கென்றே இருப்பவை. பிரேக் லீவரை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் அது ஹேண்டில்பாரை நோக்கி மெல்ல இறங்கக் கூடாது. ஷிமானோ நிறுவனத்தின் பிரேக் டிஸ்க்கின் கனம் புதிதாக 1.8 மில்லிமீட்டர் இருக்கும், 1.5-க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும். ரிம்மில் நெளிவு இருக்கிறதா, கம்பிகள் ஒரே இறுக்கத்தில் இருக்கின்றனவா, டயரின் பக்கச் சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

எட்டு வயதுச் சைக்கிள் என்பதால், உதிரிபாகம் கிடைக்குமா என்பதை வாங்கும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். பின்னச்சு 150 அல்லது 157 மில்லிமீட்டரா, பெடல் கூடு 83 மில்லிமீட்டரா, ஷாக் பழைய 241 x 76 அளவா, பிற்பாடு வந்த 250 x 75 அளவா என்று குறித்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கு இன்னும் பொருள் கிடைக்கிறது. சிக்கல் தருபவை அந்தப் பிரேமுக்கு மட்டுமே உரிய இணைப்புத் துண்டுகள், மூட்டு போல்ட்டுகள், டீரெய்லர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியைத் தாங்கும் துண்டு) ஆகியவை. அந்நிறுவனம் அவற்றை இன்னும் விற்கிறதா என்று விசாரியுங்கள். பெடல் கூட்டின் அடியில் பொறித்திருக்கும் வரிசை எண்ணையும் விற்பவரின் ரசீதையும் ஒப்பிடுங்கள். எண் சுரண்டப்பட்டிருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

விலைக்கு நான் சொல்லும் கணக்கு இதுதான்: ஃபோர்க், ஷாக் இரண்டுக்கும் முழுச் சர்வீஸ், ஒரு தொகுதி மூட்டு பேரிங்குகள், பிரேக் பேடுகள், செயின், தேவைப்பட்டால் டயர், ஸ்பிரிங் ஆகியவற்றின் செலவை அவர் கேட்கும் விலையோடு கூட்டுங்கள். கூட்டுத்தொகை புதிய சைக்கிளின் பாதி விலையை நெருங்கினால் எட்டு வயதுப் பிரேமுக்கு அது அதிகம். பிரேம் குற்றமற்றதாக இருந்து, தொகை அதற்கு நன்றாகக் கீழே நின்றால் வாங்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்தச் சைக்கிள் ஏற்றத்தில் மிதிப்பதற்கு ஆனதன்று. எடை 15 முதல் 18 கிலோ, சீட்டு தாழ்வு, முன்பக்கம் ஒரே பல்சக்கரம். உங்களை மேலே கொண்டு சேர்க்க லிஃப்டோ வண்டியோ வழக்கமாகக் கிடைக்காதென்றால், 160 அல்லது 170 மில்லிமீட்டர் ஓட்டமுள்ள எண்டூரோ சைக்கிளை (ஏற்றத்தில் மிதிக்கவும் இறக்கத்தில் விரையவும் ஏற்றது) தேடுங்கள். மூன்று ஆண்டு அனுபவமுள்ள உங்களுக்கு அது பல மடங்கு பயன் தரும் என்று நம்புகிறேன்.

கேள்வி: நான் பார்த்த சைக்கிளில் எல்லாம் நன்றாக இருக்கிறது, ஃபோர்க்கின் உள்குழாயில் மட்டும் ஒரு கீறல். விட்டுவிடலாமா?

பதில்: கீறல் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இரட்டைக் கிரவுன் ஃபோர்க்கில், இரு கிரவுன்களுக்கும் இடைப்பட்ட குழாய்ப் பகுதி ஒருபோதும் சீலுக்குள் நுழைவதில்லை. அங்கே மேலோட்டமான கீறலால் இயக்கத்துக்குக் கெடுதல் இல்லை. கீழ்க் கிரவுனுக்கும் சீலுக்கும் இடையில் இருந்தால் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டுகிற கீறல், ஒவ்வொரு முறை அமுங்கும்போதும் சீலை அறுத்து எண்ணெயை வெளியே விட்டு அழுக்கை உள்ளே இழுக்கும். ஒற்றைக் கிரவுன் ஃபோர்க்கில் குழாய்கள் கிரவுனுக்குள் அழுத்திப் பொருத்தப்பட்டிருப்பதால் முழுத் தொகுதியையும் மாற்ற நேரிடும். இரட்டைக் கிரவுனில் போல்ட்டால்தான் இறுக்கியிருப்பதால் அந்த ஒரு குழாயை மட்டும் மாற்ற வழியுண்டு. அக்குழாய் கிடைக்கிறதா என்று கேட்டு, அதன் விலையையும் வேலைக்கூலியையும் கழித்துப் பேசுங்கள். கிரவுன் இறுக்கும் இடத்தில் குழாய் நசுங்கியிருந்தால் மட்டும் அதை ஓட்டவே கூடாது.

கேள்வி: கார்பன் பிரேம் உள்ள பழைய சைக்கிளை நாணயத்தால் தட்டிப் பார்த்தால் போதும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: போதாது, ஆனால் பயனுள்ளது. நல்ல கார்பன் அடுக்கு கூர்மையான ஓசை தரும். அடுக்குகள் உள்ளே பிரிந்த இடத்தில் ஓசை மந்தமாகும். பிரேமின் கனம் இடத்துக்கு இடம் மாறுவதால் ஓசையும் இயல்பாகவே மாறும் என்பதை மறக்காதீர்கள். ஆகவே இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒரே உயரத்தில் தட்டி ஒப்பிடுங்கள். கீழ்க்குழாயின் அடியில் கல் பட்ட இடங்களைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். விரலுக்கு இசைந்து கொடுத்தாலோ நொறுங்கும் ஓசை கேட்டாலோ உள்ளே இழை முறிந்திருக்கிறது. கார்பன் பழுதுபார்ப்பில் தேர்ந்த பட்டறைகள் மீயொலிச் சோதனை செய்து தருகின்றன. விலை பெரிதென்றால் அந்தச் செலவு வீணாகாது. முறையாகப் பழுதுபார்த்த கார்பன் பிரேமை நான் ஒதுக்கச் சொல்ல மாட்டேன், செய்தவர் யார் என்று எழுத்தில் இருக்க வேண்டும், அவ்வளவே.

கேள்வி: 26 அங்குலச் சக்கரம் உள்ள சைக்கிள் மிக மலிவாகக் கிடைக்கிறது. வாங்கினால் ஏமாந்துவிடுவேனா?

பதில்: ஓட்டுவதில் ஏமாற்றம் இராது, ஒரு காலத்தில் உலகக் கோப்பைகளையே அந்தச் சக்கரங்களில்தான் வென்றார்கள். 2017-இல் 29 அங்குலச் சக்கரங்கள் உலகக் கோப்பை டவுன்ஹில் போட்டிகளுக்குள் வந்தன. 2019-இல் முன்னும் பின்னும் வெவ்வேறு அளவுச் சக்கரம் போட விதி இடம் தந்தது. அதன்பின் நல்ல டவுன்ஹில் டயர்களும் ரிம்களும் 26 அங்குலத்தில் அருகிவிட்டன. வாங்குவதானால் கூடவே ஓரிரு டயர்களையும் உதிரி ரிம் ஒன்றையும் விற்பவரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திரும்ப விற்கும்போது பெரிதாக எதுவும் கிடைக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள். எந்த அளவுச் சக்கரமானாலும், பழைய சைக்கிளோடு வரும் ஹேண்டில்பாரை முதல் ஓட்டத்துக்கு முன்பே கழற்றி, ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு) இறுக்கும் இடத்தில் வெட்டுக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் புதியது போட்ட பிறகே மலைக்குக் கொண்டு செல்லுங்கள்.